கல்லில் ஒரு திருத்தம்

மணவாள நகர்,
6-1-2025

அன்புத் தங்கை ஆரோக்கியமேரிக்கு,

சடையப்பன் அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் மகனும் மருமகளும் நலம். அங்கு நீயும் மகள் ஏஞ்சலும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. முப்பது வருஷம் கும்மிடிப்பூண்டியில் பிரஸ் ஷாப் சத்தத்தில் போன காது, போனில் வருகிற எதையும் பிடிப்பதில்லை. எழுதினால்தான் உண்டு.

விஷயத்துக்கு வருகிறேன். உன் வீட்டுக்காரன் எட்வர்டுக்குச் சிலை. திருவள்ளூர் நகராட்சிப் பூங்காவில். மகிழ்ச்சி. மிக்க மகிழ்ச்சி என்று எழுதப் பார்க்கிறேன், கை ஒத்துழைக்கவில்லை. உன்னிடம் என்ன ஒளிப்பது தங்கச்சி, எனக்கு வயிறு எரிகிறது.

சிலைக் குழுச் செயலாளர் வசந்தகுமார் போன வாரம் வீட்டுக்கு வந்தார். வருவதற்கு முன் மருமகள் ரம்யாவுக்குப் போன் போட்டு, "பூங்காவுல கவிஞர் சிலை விஷயமா உங்க மாமனாரப் பாக்கணும்" என்றிருக்கிறார். உயிரோடு இருக்கிறவனுக்குச் சிலை வைப்பதில்லை என்று எனக்குத் தெரியாதா? தெரியும். மனசு கேட்டால்தானே. தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, என்னுடைய 'ஊடற் பாமாலை'யில் ஒரு பிரதியைத் தூசி தட்டி மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். தலைவி தலைவனிடம் கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்கும் ஊடலைப் பற்றி மட்டும் நூறு பாட்டு. அந்த ஆள் காபி டம்ளரை அதன் மேல்தான் வைத்தார்.

பிறகு பையிலிருந்து ஒரு ஜெராக்ஸை எடுத்தார். பீடத்தில் பொறிக்கப் போகும் நாலு வரியாம், நீ கொடுத்ததாம். "நீங்க தமிழ் தெரிஞ்சவரு, பிழை கிழை இருந்தா பாத்துக் குடுங்க" என்றார். எட்வர்டின் கையெழுத்துதான். அடியில் ஒரு மடிப்பு நிழல் விழுந்திருந்தது. இரண்டு பிழை இருந்தது, திருத்திக் கொடுத்துவிட்டேன்.

ஆனால் மேரி, அந்த நாலு வரியை நான் பார்த்ததே இல்லை. அவன் எழுதிய ஒவ்வொன்றையும் மை காய்வதற்கு முன் படித்தவன் நான். கம்பெனி வாசல் டீக்கடையில், ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில், எங்கே என்றாலும் "வாத்தியாரே, இத்த கொஞ்சம் பாரேன்" என்று என்னிடம்தான் நீட்டுவான். இது எங்கிருந்து வந்தது? எப்போது எழுதினான்? என்னிடம் ஏன் காட்டவில்லை?

விவரமாக எழுது. ஏஞ்சலுக்கு என் ஆசிகள்.

அன்பு அண்ணன்,
மணவைச் சடையனார்

*

ஆரம்பாக்கம்,
17-1-2025

மரியாதைக்குரிய சடையப்பன் அண்ணனுக்கு,

ஆண்டவர் கிருபையால் நாங்கள் நலம். உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்த தபால்காரப் பெண் கல்பனா, "இன்னாக்கா, உனக்கு கடுதாசி போட இன்னும் ஆளு கீதா?" என்று வாசலிலேயே கேலி செய்தாள். தெருவே பார்த்தது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஏஞ்சல் படித்துவிடுவாள் என்பதால் நானும் கடிதமே எழுதுகிறேன். இது நமக்குள் இருக்கட்டும்.

பொங்கல் நல்லபடியாகக் கழிந்ததா? ஏஞ்சல் பண்டிகை நாளிலும் ஷிப்டுக்குப் போனாள். அப்பா வேலை பார்த்த அதே சிப்காட், வேறு கம்பெனி.

உங்களுக்கு வயிறு எரிகிறது என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது, கோபித்துக்கொள்ளாதீர்கள். இருபத்தைந்து வருஷம் எனக்கும் எரிந்தது அண்ணா. உங்களைப் பார்த்து.

அவர் எழுதிய எதையும் நான் முதலில் கேட்டதில்லை. நீங்கள் கேட்டு, தலையாட்டி, சிவப்புப் பேனாவால் கிறுக்கிக் கொடுத்த பிறகுதான் எங்கள் வீட்டுக்கு வரும். பந்தி எல்லாம் எழுந்த பிறகு எனக்கு இலை. அவர் வாசித்துவிட்டு, "வாத்தியாரு நல்லா கீதுன்னாரு மேரி" என்பார். உனக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு நாள் கேட்டதில்லை. எட்டாவதுவரை படித்தவள், சத்துணவுக் கூடத்துப் பதிவேடு எழுதுகிறவள், எனக்குத் தமிழ் தெரியாதா? சனிக்கிழமை சாயங்காலம் சைக்கிளை எடுத்தால் ஸ்டேஷனில் உங்களைப் பார்க்கத்தான் என்று தெரியும். வேறு ஒரு பொம்பளையிடம் போனாலாவது சண்டை போட்டிருக்கலாம். உங்களோடு என்ன சண்டை போடுவது?

அந்த நாலு வரி மட்டும்தான் நேராக எனக்கு வந்தது. நடுவில் யார் கையும் படவில்லை. அதனால்தான் புத்தகத்துக்குக்கூடக் கொடுக்காமல் பைபிளுக்குள் வைத்திருந்தேன். கல்லில் பொறிக்கிறோம் என்றதும் மனசு இளகிக் கொடுத்தேன். எப்போது எழுதினார், ஏன் எழுதினார் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். உங்களுக்குத் தெரியாதது ஒன்றாவது என்னிடம் இருந்துவிட்டுப் போகட்டும்.

பிழை திருத்தியதற்கு நன்றி. அவருக்கு எந்த ர, எந்த ற என்று கடைசிவரை பிடிபடவில்லை.

பிப்ரவரி 16 திறப்பு விழா. அங்கே பார்ப்போம்.

இப்படிக்கு,
ஆரோக்கியமேரி

*

மணவாள நகர்,
3-2-2025

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். முதல் முறை சிரித்தேன். மற்ற மூன்று முறையும் சிரிப்பு வரவில்லை. இருபத்தைந்து வருஷம் ஒருத்தி என் மேல் வன்மம் வைத்திருந்தாள் என்பது தெரியாமலே உன் வீட்டில் எத்தனை கிறிஸ்துமஸ் பிரியாணி சாப்பிட்டிருக்கிறேன்!

சரி, சிலை வந்துவிட்டது. தினமும் காலையில் நான் நடக்கிற பூங்கா அதுதான் என்பதை யாராவது யோசித்தார்களா? எட்டுச் சுற்று நடக்கிறேன். எட்டு முறை அவனைத் தாண்ட வேண்டியிருக்கிறது. முந்தாநாள் துணி போட்டு மூடும் முன் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். மூக்கு அவன் மூக்குதான். மீசை வேறு யாருடையதோ. கையில் மைப்பேனா. கம்பெனி ஸ்டோரில் கேட்டு வாங்கிய ரீபிளில் எழுதினவனுக்கு மைப்பேனா!

இன்னொன்று. தோளில் ஒரு சால்வை இருக்கிறது. எட்வர்டு என்றைக்குச் சால்வை போட்டான்? வசந்தகுமாரிடம் கேட்டேன். சிற்பிக்குக் கொடுத்த போட்டோவைக் காட்டினார். நம் சங்கத்து மே தினக் கூட்டத்தில் நானும் அவனும் நின்று எடுத்தது. என்னை வெட்டியெடுத்துவிட்டு அவனை மட்டும் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அவன் தோளில் போட்டிருந்த என் கையை வெட்ட முடியவில்லை. சிற்பி அந்தக் கையைச் சால்வை மடிப்பு என்று நினைத்துவிட்டான். நாலு மடிப்பு இருக்கிறது, எண்ணிப் பார், அது என் விரல்.

சிரிக்கிறாயா? நான் வீட்டுக்கு வந்து என் புத்தகங்களை எடுத்து எண்ணினேன். ஐந்து புத்தகம் போட்டவன் நான். இலக்கணம் தெரிந்தவன் நான். ஒற்றுப் போடத் தெரியாதவனுக்கு நான் கற்றுக்கொடுத்தேன். இன்று அவன் நிற்கிறான், நான் மடிப்பாக இருக்கிறேன். ஒரு காக்காயாவது அவன் தலையில் உட்காருமா என்று பார்த்தேன். அதுவும் பக்கத்து விளக்குக் கம்பத்தில்தான் உட்காருகிறது.

அந்த நாலு வரியைப் பற்றிச் சொல்ல மாட்டேன் என்கிறாய். சொல்லாதே. ஆனால் என்னிடம் மறைத்து அவன் எழுதினான் என்பது எனக்குச் சிலையைவிடப் பெரிய அடி. அதையும் சொல்லிவிடுகிறேன்.

விழாவுக்கு வருவேன். மூன்றாவது வரிசையில் இடமாம்.

மணவைச் சடையனார்

*

ஆரம்பாக்கம்,
20-2-2025

சடையப்பன் அண்ணனுக்கு,

விழாவில் நீங்கள் கைகூப்பினீர்கள். நான் பார்க்காத மாதிரி போனேன். ஏன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

ஆரம்பாக்கத்திலிருந்து காலை வண்டி பிடித்து, சென்ட்ரலில் மாறி, செவ்வாப்பேட்டையில் அரை மணி நேரம் வண்டி நின்று, புதுப்புடவை கசங்கி வந்து சேர்ந்தேன். துணியை விலக்கினார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். நான் முகத்தைப் பார்க்கவில்லை, நேராகக் கீழே பீடத்தைப் பார்த்தேன்.

கம்பெனிக் கதவு சீட்டைக் கேட்கும்.
கோயில் கதவு எதுவும் கேட்காது.
நீ திறந்தால் வீடு.
திறக்காவிட்டாலும் வீடு.

வீடு! ஏஞ்சல் என்னைப் பிடித்துக்கொண்டாள். அழுகிறேன் என்று நினைத்து எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். எனக்கு வந்தது கோபம் அண்ணா. வசந்தகுமாரிடம் கேட்டேன். "ஐயாதான் திருத்திக் குடுத்தாரும்மா, ஊடுன்னு போட்டா கல்லுல நல்லாருக்காதுன்னாரு" என்றார்.

அவர் எழுதியது ஊடு. இரண்டு இடத்திலும் ஊடு. மற்றதெல்லாம் ஏட்டுத் தமிழில் எழுதிவிட்டு அந்த ஒரு சொல்லை மட்டும் ஏன் அப்படி வைத்தார் என்று ஒரு நிமிஷம் யோசித்தீர்களா?

சொல்ல மாட்டேன் என்றிருந்தேன். இனிமேல் மறைத்து என்ன. ஏஞ்சலுக்குக் கோயிலில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, கொடுத்த நாள் நினைவிருக்கிறதா? 2002, மே மாதம். வெள்ளைக் கவுன் போட்டுக்கொண்டு பிள்ளை அப்பாவுக்காக வாசலிலேயே நின்றாள். அவர் கேட்பாஸ் சீட்டு வாங்கிக்கொண்டு ஒன்று பத்துக்கே கம்பெனியை விட்டு வெளியே வந்துவிட்டார். சீட்டில் நேரம் எழுதியிருக்கிறது. வந்தவரை டீக்கடையில் நீங்கள் பிடித்துக்கொண்டீர்கள். உங்கள் ஊடற் பாமாலை நூறு பாட்டையும் வாசித்துக் காட்டினீர்கள். கோயிலில் பூசை முடிந்து, சொந்தக்காரர்கள் சாப்பிட்டுப் போய், பொழுது சாயும்போது வந்து கதவைத் தட்டினார். நான் திறக்கவில்லை.

வெளியே உட்கார்ந்து அந்தச் சீட்டின் பின்பக்கம் எழுதி, கதவுக்கு அடியில் தள்ளினார். நான் படித்தேன். வெளியிலிருந்தே சொன்னார்: "மேரி, கோச்சிக்கினு பேசாம கீறதுக்கு ஊடல்னு பேராம். ஊடுன்னா கோச்சிக்கன்னு அர்த்தமாம். வாத்தியாரு இன்னிக்கி சொன்னாரு. நீ தெறந்தா நம்ம ஊடு. தெறக்காட்டி பரவால்ல, நல்லா ஊடு."

அதற்குப் பிறகு யாரால் கதவை மூடிவைக்க முடியும்?

இதை உங்களிடம் சொல்லாததற்குக் காரணம் இதுதான். எனக்கென்று வந்த ஒரே கவிதை. அதற்குள்ளும் நீங்கள் கொடுத்த சொல் இருந்தது. அது உங்களுக்குத் தெரியவே கூடாது என்று இருபத்திரண்டு வருஷம் பொத்தி வைத்தேன். நீங்கள் அந்தச் சொல்லையே பிடுங்கிப் போட்டுவிட்டீர்கள்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

ஆரோக்கியமேரி

*

மணவாள நகர்,
26-2-2025

தங்கச்சி,

எழுத வேண்டாம் என்றாய். இதை மட்டும் எழுதிவிடுகிறேன்.

பிழை என்று நான் சொன்னது பொய். எட்வர்டு முப்பது வருஷமாக ஊடு என்றுதான் எழுதினான். புத்தகத்திலும் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. நானே மெய்ப்புப் பார்த்தேன். அதற்காகவே அவனைக் கொண்டாடினார்கள். அது பிழை இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் அம்மா சாகும்வரை ஊடு என்றுதான் சொன்னாள். நானும் வீட்டுக்குள் அப்படித்தான் பேசுகிறேன். பேப்பரில் மட்டும் எனக்கு வெட்கம்.

வசந்தகுமார் அந்த ஜெராக்ஸை நீட்டியபோது நான் தமிழைப் பார்க்கவில்லை. நான் பார்க்காத ஒரு கவிதை என்று மட்டும் பார்த்தேன். என் கை ஒன்றாவது இதில் பட வேண்டும் என்று ஒரு வெறி வந்தது. சிவப்புப் பேனாவை எடுத்தேன். இரண்டு இடத்தில் அடித்தேன். கல்லில் என் எழுத்து இரண்டு இருக்கப் போகிறது என்று அன்று நன்றாகத் தூங்கினேன். அற்பம்தான். வேறு பெயர் இல்லை.

இப்போது நீ எழுதியதைப் படித்தேன். ஊடலைப் பற்றி நூறு பாட்டு எழுதியவன் நான். கண்ணெதிரே ஊடு என்று நின்ற சொல்லை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவனுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. என் நூறு பாட்டையும் கேட்டுவிட்டு, அவன் ஒரே சொல்லில் முடித்துவிட்டான். அந்தச் சொல்லும் நான் கொடுத்தது. என் கை அதில் ஏற்கெனவே இருந்திருக்கிறது மேரி. அதை அழித்தவனும் நான்தான்.

ஏஞ்சலின் நாளைக் கெடுத்தது நான் என்று எனக்குத் தெரியாது. அவன் அன்று இரண்டு மூன்று முறை கடிகாரத்தைப் பார்த்தான். பாட்டு பிடிக்கவில்லை போல என்று நினைத்து, இன்னும் உரக்க வாசித்தேன்.

வசந்தகுமாரிடம் போனேன். கல்லை மாற்ற முடியாது என்றார். "இத்துக்கெல்லாமா ஐயா, அர்த்தம் ஒண்ணுதானே" என்றார்.

சடையப்பன்

*

மணவாள நகர்,
14-3-2025

தங்கச்சிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை. ஒரு தகவல் மட்டும்.

நான் பிரஸ் ஷாப்பை ஒட்டிய டூல் ரூமில் வேலை பார்த்தவன் என்பது எனக்கே மறந்திருந்தது. தகடு அடிக்கிற டையில் எண்ணும் எழுத்தும் வெட்டுவதுதான் என் வேலை. கவிஞன் என்று சொல்லிக்கொள்வதற்காக அதை எல்லாரிடமும் மறைத்து வைத்திருந்தேன். கட்டிலுக்கடியில் என் புத்தகக் கட்டுகளுக்குப் பின்னால் பழைய பெட்டி இருந்தது. உளி துரு ஏறியிருந்தது. தீட்டினேன்.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று காலையும் நடக்கிற நேரத்தில் பூங்காவுக்குப் போய்ப் பீடத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். காவலாளி அப்பாவு, "நகராட்சில அனுப்பினாங்களா சார்?" என்றான். காது கேட்காத மாதிரி இருந்தேன். உண்மையிலேயே பாதிதான் கேட்டது. வெயில் ஏறியதும் அவனே குடை பிடித்தான்.

கல்லில் எழுத்தை அழிக்க முடியாது. அதனால் பேப்பரில் எப்படித் திருத்துவேனோ அப்படியே செய்தேன். இரண்டு இடத்திலும் 'வீ' மேல் ஒரு கோடு. அதற்கு மேல் 'ஊ'. அது அங்கே சேர வேண்டும் என்று காட்ட ஒரு குறி. முன்பு போல் கை நிற்கவில்லை. இரண்டாவது ஊ கொஞ்சம் சாய்ந்துவிட்டது.

வசந்தகுமார் போன் மேல் போன் போடுகிறார். ரம்யா எடுத்து, "மாமாக்கு காது கேக்காதுங்க" என்கிறாள். நோட்டீஸ் அனுப்பப் போவதாகச் சொன்னாராம். அனுப்பட்டும்.

எனக்கு இன்னும் அவன் மேல் பொறாமைதான். அது போகவில்லை. அவனைத் தாண்டும்போது இப்போதும் எரிகிறது. ஆனால் அவனிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுத் தாண்டுகிறேன்.

சடையப்பன்

*

ஆரம்பாக்கம்,
24-3-2025

சடையப்பன் அண்ணனுக்கு,

நேற்று ஞாயிறு பூசை முடிந்ததும் ஏஞ்சலைக் கூட்டிக்கொண்டு திருவள்ளூர் வந்தேன். உங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் வந்து நின்றுகொண்டு விளக்கம் சொல்வீர்கள்.

பார்த்தேன். வீ இருக்கிறது, அடித்த கோடு இருக்கிறது, மேலே ஊ இருக்கிறது. ஒரு காலேஜ் பெண் தன் சிநேகிதியிடம், "கல்லுலயே தப்பு போட்டு அடிச்சிகிறாங்க பாருடி" என்றாள். அப்புறம் இரண்டு பேரும் உரக்கப் படித்தார்கள். திறந்தால் ஊடு, திறக்காவிட்டாலும் ஊடு. இரண்டாவது முறை படித்துவிட்டு ஒருத்தி சிரித்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. உங்களைவிடச் சீக்கிரம்.

ஏஞ்சலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அதான் அன்னிக்கி அப்பா லேட்டா?" என்று கேட்டாள். உங்கள் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. உங்கள் விரலைத் தேடி சால்வையில் நாலு மடிப்பையும் எண்ணினாள். நானும் எண்ணினேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இனிமேல் யார் அந்தக் கல்லைப் பார்த்தாலும் முதலில் உங்கள் கோடுதான் கண்ணில் படும். யார் அடித்தது, ஏன் அடித்தது என்றுதான் கேட்பார்கள். அவர் தோளிலும் நீங்கள், காலடியிலும் நீங்கள். எனக்கு மறுபடியும் எரிகிறது அண்ணா. இது நம் இரண்டு பேரையும் விடாது போலிருக்கிறது.

அதனால் என்னிடம் மிச்சம் இருந்ததையும் கொடுத்துவிடுகிறேன். வசந்தகுமாருக்கு ஜெராக்ஸ் எடுத்தபோது சீட்டின் அடிப்பக்கத்தை மடித்துவிட்டு எடுத்தேன். நீங்கள் பார்த்த நிழல் அதுதான். அந்த மடிப்புக்குள் இன்னொரு வரி இருக்கிறது. ஏஞ்சலின் அப்பா போன பிறகு எத்தனையோ நாள் அதை எடுத்துப் படித்து, உங்களை ஜெயித்துவிட்டதாகச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். இப்போது மடிப்பைப் பிரித்து ஜெராக்ஸ் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். அசல் தர மாட்டேன்.

கையெழுத்து கொஞ்சம் மங்கல், அதனால் இங்கேயும் எழுதிவிடுகிறேன்:

"மேரி, இத்த வாத்தியாருக்கு காட்டாத. திருத்திடுவாரு."

இப்படிக்கு,
ஆரோக்கியமேரி